பயணத்தில் 2, 3 நிமிடம் மிச்சமாவதால் உண்மையில் யாருக்காவது பயன் உண்டா?

உண்டு. ஆனால் அது தினமும் 3 நிமிடமாகக் கைக்கு வராது. அதனால்தான் பலருக்கு அது கண்ணில் படுவதில்லை.

நான் குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் போகிறேன். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு சந்து ரொம்ப நாளாக அடைபட்டுக் கிடந்தது. அதைத் திறந்துவிட்டதும் நடை 3 நிமிடம் குறைந்தது. முதலில் எனக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. பிளாட்பாரத்தில் கூடுதலாக 3 நிமிடம் நின்றேன், அவ்வளவுதான். ஆனால் சில நாள், வழக்கமாகக் கண்ணெதிரே கிளம்பிப் போகும் வண்டியில் ஏறியிருந்தேன்.

10 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவருக்குப் பத்தில் ஏழு நாள் அதே வண்டிதான், லாபம் ஒன்றுமில்லை. மூன்று நாள் முந்தைய வண்டி கிடைக்கும். அன்றைக்கு மிச்சம் முழுசாக 10 நிமிடம். சராசரி பார்த்தால் அதே 3 நிமிடம் வந்து நிற்கும்.

சாலை, ரயில் திட்டம் போடுகிறவர்கள் மிச்சமாகும் நேரத்துக்குப் பண மதிப்பு போட்டுத்தான் லாபம் பார்ப்பார்கள். சின்ன மிச்சத்துக்கு எவ்வளவு போடுவது என்பது அவர்களிடையே பழைய தகராறு. 1977இல் வந்த அமெரிக்க நெடுஞ்சாலைக் கையேடு ஒன்று, 5 நிமிடத்துக்கும் குறைவான மிச்சத்துக்கு மிகக் குறைந்த மதிப்பே போட்டது. 1997இல் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை, நிமிடத்துக்கு இவ்வளவு என்ற மதிப்பு பெரிய மிச்சத்துக்கும் சின்ன மிச்சத்துக்கும் ஒன்றுதான் என்றது. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. இல்லாவிட்டால், 20 நிமிடம் குறைக்கும் ஒரு வேலையைப் பத்துத் துண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் வீண், மொத்தமாகச் செய்தால் மட்டும் லாபம் என்றாகிவிடும்!

அப்புறம், எல்லா நிமிடமும் ஒன்றல்ல. உட்கார்ந்து போகும் நிமிடத்தைவிட நின்று காத்திருக்கும் நிமிடத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கணக்கில் எடுப்பது வழக்கம். மே மாத வெயிலில் நிழற்குடை இல்லாத பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். நேரம் தவறினால் அரை நாள் சம்பளம் போய்விடும். காலையில் அந்தச் சந்து வழியாகத்தான் ஓடுகிறார். ராத்திரி திரும்பும்போது மட்டும் சுற்றுவழியில் வருகிறார், சந்தில் விளக்கு இல்லை. ஒரு விளக்கு போட்டால் அந்த 3 நிமிடம் அவருக்கு ராத்திரியிலும் கிடைக்கும்.