மூட்டையின் அடியில் இருக்கும் இலை

கோத்தகிரி ஐயாவுக்கு,

நேற்று நீங்களும் உங்கள் மைத்துனரும் ஒரு மணி நேரம் பேசினீர்கள். மகளுக்கு கம்ப்யூட்டர் இன்ஜினியரிங், கோவையில் மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டு, அதற்காகத் தேயிலைத் தோட்டம் அடகு. "பயப்படாதீர்கள்" என்று ஆரம்பித்தேன். அது தவறு. பச்சை இலை விலை என்றைக்கு இறங்கும் என்று தெரியாத ஊரில், சோறு போடும் தோட்டத்தை அடகு வைக்கப் பயப்படத்தான் வேண்டும்.

அந்தப் பெண் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. இலை எடுக்க வருபவர் மூட்டையின் மேலே ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, முற்றல் என்று எடையைக் கழிக்கிறார். நடுவிலும் அடியிலும் எடுத்துப் பார்த்தால்தானே கணக்கு சரி என்றாள். நீங்கள் "சும்மா இரு" என்றீர்கள். ஐயா, அவள் சொன்னதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. புள்ளியியல். அதில் கூறெடுப்பு (சாம்ப்ளிங்), தரக் கட்டுப்பாடு என்று தனிப் பாடங்களே உண்டு.

அருவங்காடு வெடிமருந்து ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து சரியாக எரிகிறதா என்று பார்க்க எரித்துத்தான் ஆக வேண்டும். எல்லாவற்றையும் எரித்துவிட்டால் அனுப்புவதற்கு என்ன மிஞ்சும்? கொஞ்சத்தைப் பார்த்து மொத்தத்தைப் பற்றி முடிவு சொல்ல வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு, எதை எடுப்பது என்பதுதான் கணக்கு.

திருப்பூரில் ஆயிரம் பனியன் கொண்ட ஒரு லாட் என்று வையுங்கள். வழக்கமான அட்டவணைப்படி எங்கெங்கிருந்தோ 80 உருப்படியை உருவி எடுப்பார்கள். ஏ.க்யூ.எல்., அதாவது ஏற்கத்தக்க பழுதின் அளவு, நூற்றுக்கு 2.5 என்று பேசியிருந்தால், 5 பழுது வரை லாட் தேறும், 6 என்றால் மொத்தமும் திரும்பும். நூற்றுக்கு இரண்டு பழுதுள்ள சரக்கு அநேகமாக எப்போதும் தேறிவிடும். நூற்றுக்குப் பத்து என்றால் ஐந்தில் நாலு தடவை மாட்டிக்கொள்ளும். அப்புறம், அடுத்தடுத்த ஐந்து லாட்டுக்குள் இரண்டு தள்ளுபடியானால் சோதனை இன்னும் இறுகும். நல்ல சரக்கு தப்பாகத் தள்ளப்படும் அபாயம், மோசமானது நழுவிப்போகும் அபாயம், இரண்டையும் முன்கூட்டியே எண்ணாகச் சொல்லிவிடலாம். 1920களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் டாட்ஜ், ரோமிக் என்ற இருவர் போட்ட அடித்தளம் இது. உங்கள் மகள் மூட்டைக்கு முன்னால் நின்று கேட்டதும் இதைத்தான்.

கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் இருக்கிறது. கட்டணத்துக்குத் தோட்டத்தைத் தொட வேண்டியதில்லை. கணக்கில் அவளுக்கு இருக்கும் பிடிக்கு, 1931இல் புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். கடினமான தேர்வுதான். தேறினால் கொல்கத்தாவில் படிப்பு, கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. அந்த நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு ஒன்று கோவையிலேயே இருக்கிறது.

முதல் சம்பளம் மைத்துனர் சொன்ன அளவுக்கு இருக்காது. சரி, இருக்கட்டும். அதிலிருந்து வட்டி கட்ட வேண்டியதில்லையே.

அடகுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த முறை மைத்துனர் வேண்டாம், மகளோடு வாருங்கள். அவள் பேசி முடிக்கும்வரை நாம் இருவரும் கேட்போம்.