கல்யாணம் ஆகலீங்க, விசா கிடைக்குமா?

கோயம்புத்தூரில் பதினான்கு வருஷமாக விசா காகிதங்களோடுதான் என் பிழைப்பு. துணை வெளிநாட்டவர் அல்லது வெளிநாட்டில் இருக்கிறார், கல்யாணம் இன்னும் ஆகவில்லை என்கிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கட்டும்.

திருப்பூர்: அக்கா, நான் பையிங் ஆபீஸில் மெர்ச்சண்டைசர். என் நண்பர் போர்ச்சுக்கல்காரர், டூரிஸ்ட் விசாவில் வந்து என்னோட வீட்டில் இருக்கிறார். சும்மா இருக்கப் பிடிக்காமல் தெரிந்தவர் கம்பெனியில் சாம்பிள் பார்த்துக் கொடுக்கிறார். சம்பளம் வாங்கலீங்க. தப்பாங்க?

தப்புதான், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சம்பளம் வாங்கவில்லை என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்கிற சமாதானம். டூரிஸ்ட் விசா ஊர் சுற்றவும் வேண்டியவர்களைப் பார்க்கவும்தான். சரக்கு வாங்குகிற பையர்கள் வருகிற பிசினஸ் விசாவில் ஆர்டர் பேசலாம், சரக்கின் தரம் பார்க்கலாம், ஆனால் இங்குள்ள கம்பெனிக்கு ஆளாக உட்கார முடியாது. வேலை விசா வேண்டுமென்றால் பொதுவாக ஆண்டுக்கு 16.25 லட்சம் சம்பளம் காட்ட வேண்டும். சாம்பிள் பார்க்கிற வேலைக்கு அவ்வளவு யார் கொடுப்பார்கள்?

'கல்யாணம் ஆகாத துணை' என்று இந்தியாவில் ஒரு விசா வகையே கிடையாது. சேர்ந்து வாழ்வது குற்றமில்லை, ஆனால் அதை வைத்து விசா கேட்க முடியாது. இன்னொன்று, வெளிநாட்டவர் தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், 'சி ஃபார்ம்' என்று சொல்லிவந்தது இதைத்தான். ஹவுஸ் ஓனரிடம் "ஃப்ரெண்டு வந்திருக்கான்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அதே திருப்பூர்: அப்போ சிவன்மலைக் கோயிலில் தாலி கட்டிக்கிட்டா போதுங்களா?

போதாது. அவர் கிறிஸ்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்து திருமணச் சட்டத்துக்கு இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். உங்களுக்கான வழி 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், அது நீங்களாகவே இருக்கலாம். நோட்டீஸ் கொடுத்து இன்னொரு 30 நாள் காத்திருந்து, மூன்று சாட்சிகளோடு பதிவு. அவர் மணமாகாதவர் என்று அவருடைய தூதரகத்துச் சான்றையும் கேட்பார்கள், அதை முதலில் ஏற்பாடு செய்யுங்கள். ஒரு மாத விசா இதற்கெல்லாம் பத்தாது.

அந்த நோட்டீஸ் அலுவலகப் பலகையில் தொங்கும். சொந்தக்காரர் யாராவது பத்திரம் பதிய வந்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும். அதற்கு முன்னால் வீட்டில் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

பதிவு முடிந்தால், இந்தியரின் கணவன் மனைவிக்குத் தருகிற எக்ஸ் விசாவுக்கு மாறலாம். தனி அனுமதி இல்லாமல் அதிலும் வேலைக்குப் போக முடியாது. பதிவாகி இரண்டு வருஷம் ஆனதும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்கள் இங்கே நீண்டகாலம் தங்குவதற்கானது) கேட்கலாம், அது கையில் வந்தால் தனியார் வேலைக்குத் தடையில்லை. அப்போதும் விவசாய நிலம், தோட்டம் எல்லாம் வாங்க முடியாது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வாங்கும் கனவு இருந்தால் உங்கள் பேரிலேயே வாங்குங்கள்.

சரவணம்பட்டி: அக்கா, அவர் பிரிட்டிஷ் குடிமகன். இங்கே வேலை பார்த்தபோது இரண்டரை வருஷம் ஒரே ஃபிளாட்டில் இருந்தோம். வீட்டில் பி.ஜி. விடுதியில் இருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்போ அவர் திரும்பிப் போயிட்டார். அங்கே துணை விசா கேட்க என்கிட்ட ஒரு காகிதமும் இல்லை.

அம்மணி, எனக்கு வருகிறதில் பாதி இந்தக் கதைதான். வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று நீங்கள் அழித்ததையெல்லாம்தான் விசா அதிகாரி கேட்கிறார். வாடகை ஒப்பந்தம் அவர் பேரில், ஆதார் விலாசம் பெருந்துறையில், பணம் கொடுத்ததெல்லாம் ரொக்கமாக, ஒன்றாக எடுத்த படத்தைக்கூட அழித்துவிட்டீர்கள்.

நல்ல சேதி, பிரிட்டனில் 2024 ஜனவரி 31 முதல் இரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனை போய்விட்டது. கல்யாணம் போன்ற உறவு இரண்டு வருஷமாக இருப்பதைக் காட்டினால் சரி. அவருடைய வருமானம் 29,000 பவுண்டு இருக்க வேண்டும். உங்களுக்கு ஆங்கிலத் தேர்வும் காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. முதலில் 33 மாதம் தருவார்கள், எந்த வேலைக்கும் போகலாம்.

இனி தேடுங்கள். உங்கள் பேருக்கு அந்த ஃபிளாட்டுக்கு வந்த பார்சல் பில், சிலிண்டர் ரசீது, இருவரும் சேர்ந்து போன டிக்கெட், அவருக்கு ஆஸ்பத்திரியில் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள். அவருடைய போனில் படங்கள் இருக்கும். வாட்ஸ்அப் பேச்சில் மாதத்துக்கு ஒன்றிரண்டு போதும், ஆயிரம் பக்கம் வேண்டாம். விஷயம் தெரிந்த தோழிகளிடம் கடிதம் வாங்குங்கள்.

பழைய தேதியில் வாடகை ஒப்பந்தம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஓடிவிடுங்கள். முத்திரைத்தாளில் அது விற்ற தேதி இருக்கும். பொய் ஆவணம் பிடிபட்டால் பத்து வருஷம் பிரிட்டன் பக்கம் போக முடியாது.

கரூர்: அமெரிக்காவில் டல்லாஸில் ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரோடு கல்யாணம் ஆகாமல், துணைக்கான ஹெச்-4ல் போக முடியுங்களா?

முடியாது, அது கணவன் மனைவிக்கு மட்டும். நிச்சயம் ஆனவர்களுக்கான கே-1ம் உங்களுக்கு ஆகாது, எதிராளி அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கல்யாணம் ஆகிப் போனாலும் அவருடைய ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) தேறும்வரை ஹெச்-4ல் பொதுவாக வேலை செய்ய முடியாது. உங்கள் வேலையை அவசரப்பட்டு விடாதீர்கள்.

நாமக்கல்: துபாய்?

சான்றொப்பம் பெற்ற திருமணச் சான்றிதழ் இல்லாமல் துணையை அழைக்க முடியாது. சொந்தமாக வேலை தேடிப் போங்கள்.

சேலம்: நானும் பெண், என் துணையும் பெண், ஆஸ்திரேலியர். எங்களுக்கு வழி உண்டா?

இங்கே இல்லை. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒருபாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. அங்கே உண்டு, ஆண் பெண் ஜோடிக்கு என்ன விதியோ அதேதான். கல்யாணம் ஆகாத துணை என்றால் 12 மாத உறவைக் காட்ட வேண்டும். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலங்களில் உறவைப் பதிவு செய்தால் அந்த 12 மாதம் தேவையில்லை. துணை விசா கிடைத்தால் வேலைக்குக் கட்டுப்பாடு கிடையாது. கட்டணம்தான் கண்ணைக் கட்டும், 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்.

கோபி: வணக்கமுங்க. என் மகள் கனடாவில் ஒரு வெள்ளைக்காரப் பையனோட இருக்குது. விண்ணப்பப் பாரத்தில் 'காமன்-லா' என்று போட்டிருக்காம். சிங்கிள் என்று மாத்திப் போடச் சொல்லட்டுங்களா? நாளைக்கு வேற மாப்பிள்ளை பார்க்கணும்னா இடைஞ்சல் ஆகாதுங்களா?

ஐயா, மாற்றச் சொல்லாதீர்கள். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தால் அங்கே காமன்-லா துணைதான். வரித்தாக்கலிலும் அப்படியே காட்ட வேண்டும். சிங்கிள் என்று பொய் சொன்னால் ஐந்து வருஷம் கனடாவுக்குள் நுழையத் தடை வரலாம். அப்புறம் மாப்பிள்ளையும் இல்லை, வேலையும் இல்லை.

உங்களால் ஆகிற உதவி ஒன்று உண்டு. இருவரும் சேர்ந்து வாழ்வது எங்களுக்குத் தெரியும், எப்போதிலிருந்து, எப்படித் தெரியும் என்று நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் அந்த ஃபைலில் அதற்கு மதிப்பு உண்டு. சம்மதம் என்று எழுத வேண்டியதில்லை, தெரியும் என்று எழுதினால் போதும். தமிழிலேயே எழுதுங்கள், மொழிபெயர்ப்பைச் சேர்த்துக்கொள்வார்கள்.