மனித மரபியல் ஆராய்ச்சியை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அறிவியலோடு அறத்தையும் எப்படிச் சேர்ப்பது?

மதுரை மாவட்டத்தில் பிளஸ் டூ விலங்கியல் எடுக்கிறேன். பதினாறு வருஷம் ஆகிறது. கேட்டிருப்பவரும் ஆசிரியராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். அதனால் நான் சொதப்பிய கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

வம்சாவளிப் படம் போடுவது நம் பாடத்தில் உண்டு. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களை இணைக்க மட்டும் ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக இரட்டைக் கோடு. அவரவர் குடும்பத்தையே போட்டுப் பார்த்தால் மனதில் நிற்குமே என்று, மூன்று தலைமுறைக்கு வரைந்து வரச் சொன்னேன். எல்லாரும் ஆர்வமாக வரைந்து வந்தார்கள். ஒரு பெண் தன் அப்பா அம்மாவுக்கு இடையே இரட்டைக் கோடு போட்டிருந்தாள். அக்கா மகளைக் கட்டியவர் அவள் அப்பா. கீழே தம்பியின் சதுரம் கறுப்பு. பிறவியிலேயே காது கேட்காது. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "அந்த ரெட்டைக் கோட்டாலதான் உன் தம்பிக்கு இப்படியா?" என்று கேட்டுவிட்டாள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அன்று நடத்திய பாடத்திலிருந்து வந்த கேள்விதான் அது.

மறுநாள் அந்தப் பெண் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா வந்தார். "ஏம்மா மாமாவைக் கட்டுனீங்கன்னு என் புள்ள கேக்குறா டீச்சர். நான் என்ன பதில் சொல்ல?"

அன்று எனக்கு வாய் வரவில்லை. உண்மையில் நான் அறிவியலையே அரைகுறையாகத்தான் சொல்லியிருந்தேன். தாய்மாமனைக் கட்டியவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு, ஏதாவது ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டால், அதன் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் என்றால் பதினாறில் ஒன்று. இது நோய் வரும் வாய்ப்பு அல்ல. அந்த இடத்தில் பழுதான மரபணு ஒன்று குடும்பத்தில் இருந்தால்தான் சிக்கல். இப்படிப் பிறக்கிற பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே இருக்கிறார்கள். பிறவிக் காது கேளாமைக்கு, கர்ப்ப காலத்தில் அம்மாவுக்கு வரும் ரூபெல்லா உட்பட, வேறு காரணங்களும் நிறைய. இந்தத் தம்பிக்கு எது காரணம் என்று படத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. மொத்தமாகப் பார்த்தால் ஆபத்து கூடுகிறது என்பதும் உண்மை, ஒரு குறிப்பிட்ட வீட்டைக் காட்டி 'இதனால்தான்' என்று சொல்ல முடியாது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் மாணவர்களின் வீட்டு விவரத்தை வகுப்புக்குள் கொண்டு வருவதை நிறுத்திவிட்டேன். அப்பா அம்மாவின் ரத்த வகையைக் கேட்டு எழுதி வரச் சொல்வதும் இல்லை. 'ஏபி' அப்பாவுக்கு 'ஓ' பிள்ளை (சாதாரணமாக அப்படிப் பிறக்காது) என்று ஒரு நோட்டில் வந்தால், அங்கே நான் எதை அவிழ்த்துவிடுகிறேன் என்று எனக்கே தெரியாது. வம்சாவளிப் படத்துக்கு விக்டோரியா மகாராணி குடும்பம் இருக்கிறது. ரத்தம் உறையாத நோய் மகன் லியோபோல்டுக்கு வந்தது, பேத்தி வழியாக ரஷ்ய இளவரசன் அலெக்ஸிக்குப் போனது. 2009-ல் ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளில் டிஎன்ஏ எடுத்துப் பார்த்து, அது அந்த நோயின் ஒரு வகையான ஹீமோஃபிலியா பி என்று உறுதி செய்தார்கள். செத்துப்போன ராஜாக்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒருமுறை பின் பெஞ்சிலிருந்து, "அவங்க எலும்பை எடுக்க யார்கிட்ட டீச்சர் கேட்டாங்க?" என்று வந்தது. அறம் என்று தனியாகப் பலகையில் தலைப்பு எழுதி நடத்தினால் இந்த மாதிரிக் கேள்வி வருவதில்லை.

ஒரு முழு வகுப்பை ஹவசுபாய் மக்களுக்குக் கொடுக்கிறேன். அமெரிக்காவின் அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் வாழும் சிறிய பழங்குடி. சர்க்கரை நோய் அவர்களைப் பாடாய்ப் படுத்தியது. 1990-லிருந்து அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்காக என்று ரத்தம் எடுத்தார்கள். ஒப்புதல் படிவத்தில் 'நடத்தை மற்றும் மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராய' என்ற பொருளில் எழுதியிருந்தது. இதை வகுப்பில் வாசித்துவிட்டு, "கையெழுத்துப் போடுவீர்களா?" என்று கேட்பேன். கிட்டத்தட்ட எல்லாக் கையும் தூக்கும்.

அப்புறம் மீதிக் கதை. 2003-ல் அந்தப் பழங்குடிப் பெண் ஒருவர் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வைக் கேட்கப் போகிறார். தங்கள் ரத்தம் வேறு ஆராய்ச்சிகளுக்கும் போயிருப்பது அங்கேதான் தெரிகிறது. மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுக்குள் திருமணம், முன்னோர் ஆசியாவிலிருந்து வந்த பாதை என்று பலவற்றுக்கு. இந்தப் பள்ளத்தாக்கில்தான் தாங்கள் தோன்றினோம் என்று நம்புகிறவர்கள் அவர்கள். வழக்கு நடந்து 2010-ல் சமரசமாக முடிந்தது. 41 பேருக்கு ஏழு லட்சம் டாலர் கிடைத்தது, மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

"கையெழுத்துதான் போட்டாங்கல்ல, அப்புறம் என்ன?" என்று வருஷா வருஷம் ஒருவனாவது கேட்பான். போன வருஷம் அதற்கு ஒரு பெண் சொன்ன பதில்: "எங்க தாத்தாகூட வெத்துப் பத்திரத்துலதான் கைநாட்டு வெச்சாரு." அதற்குமேல் நான் விளக்க ஒன்றும் இருக்கவில்லை.

மதுரைக்காரர்கள் எம்130 என்ற மரபணு அடையாளத்தின் கதையைத் தவிர்க்க முடியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் சேர்ந்து செய்த ஆய்வில், மதுரைப் பக்கத்துக் கிராமத்து மனிதர் ஒருவரின் ஒய் குரோமோசோமில் அந்த அடையாளம் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை ஓரமாக ஆஸ்திரேலியா வரை போனவர்களின் தடம் என்றார்கள். செய்தி ஊர் திரும்பும்போது 'முதல் இந்தியர்' ஆகிவிட்டது. வகுப்பில் அது இன்னும் ஒரு படி ஏறி, 'எங்க ஆளுங்கதான் முதல்' ஆகும். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை.

இங்கே நான் உபதேசம் செய்வதில்லை, கணக்குப் போடுகிறேன். இரண்டு பெற்றோர், நான்கு தாத்தா பாட்டி என்று பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1024 இடங்கள். (சொந்தத்தில் கட்டிய குடும்பத்தில் ஒரே ஆள் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்திருப்பார்.) ஒய் குரோமோசோம் அப்பா, அப்பாவின் அப்பா என்று போகிற ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் பேசுகிறது. மிச்சம் 1023 பேர் பற்றி மூச்சு விடாது. அதே எம்130 கிளை மங்கோலியர்களிடமும் கசாக்கியர்களிடமும் ஏராளம். இதைப் பலகையில் போட்டதும் பெருமை பேசிய பையன்கள் சிரித்துவிடுவார்கள். சிலர் சிரிப்பதில்லை.

இந்த வருஷம் 'ஜீனோம் இந்தியா' பற்றிச் சொன்னேன். பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். ரத்தம் கொடுக்க யாருக்கெல்லாம் விருப்பம் என்று கேட்டேன். ஒரு பையன் பாதி தூக்கிய கையை இறக்கிவிட்டான். "நான் சம்மதிக்கிறேன் டீச்சர். என் தம்பிகிட்ட யாரும் கேக்கலையே? என்கிட்ட இருக்கிறதுல பாதி அவன்கிட்டயும் இருக்கும்ல?"

கலிபோர்னியாவில் எழுபது, எண்பதுகளில் தொடர் கொலைகள் செய்த ஒரு முன்னாள் போலீஸ்காரனை 2018-ல் பிடித்த கதையைச் சொன்னேன். அவன் எந்த இணையதளத்துக்கும் டிஎன்ஏ கொடுக்கவில்லை. வம்சாவளி தேடும் தளத்தில் தூரத்துச் சொந்தக்காரர்கள் போட்டு வைத்திருந்த விவரம் வழியாகத்தான் அவன் வாசலுக்குப் போனார்கள். வகுப்பு முழுக்க, "பிடிச்சது நல்லதுதானே டீச்சர்" என்றது.

"நான் கொலைகாரனைப் பத்திக் கேக்கல டீச்சர்" என்றான் அவன். "என் தம்பியைப் பத்திக் கேட்டேன்."