ஹீத்ஃபீல்டு பிரபுவின் கருப்புப் படம்: அசலா, கழுவலாமா, எங்கே மாட்டலாம்?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். ஒரு பழைய வீட்டின் சாமான்களை ஏலம் விட்டபோது கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கருப்பு வெள்ளைப் படத்தை வாங்கினேன். ராணுவ உடையில் ஒரு முதியவர், கையில் பெரிய சாவி. கீழே லார்ட் ஹீத்ஃபீல்டு என்ற பெயரும், ரெனால்ட்ஸ், எர்லம் என்ற பெயர்களும், 1788 என்ற ஆண்டும் இருக்கின்றன. தாளில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. படத்தைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடும் ஓடுகிறது. இது நிஜமாகவே 1788-ல் அச்சானதா? ப்ளீச் கலந்த தண்ணீரில் போட்டால் புள்ளி போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், செய்யலாமா? வண்ணம் தீட்டினால் விலை கூடுமா? கணப்படுப்புக்கு மேலே மாட்ட ஆசை.

பதில்: ப்ளீச் கூடவே கூடாது. தண்ணீரும் இப்போதைக்கு வேண்டாம். எர்லம் செதுக்கிய தகட்டிலிருந்து எடுத்த பிரதி என்றால் அது மெஸ்ஸோடின்ட் வகையைச் சேர்ந்தது. அந்த வகையில் மை தாளின் மேல் வெல்வெட் போலப் படிந்திருக்கும். ஈர விரலால் ஒருமுறை தேய்த்தாலே அந்த இடம் பளபளத்துப் போகும். அதைப் பழையபடி ஆக்க வழியில்லை. அசலா என்று கண்டுபிடிப்பது, விலை மதிப்பது, சுத்தம் செய்வது, மாட்டுவது எல்லாமே அந்தக் கருப்பைப் பொறுத்துத்தான். அதனால் அது எப்படி உண்டாகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

படத்தில் இருப்பவர் ஜார்ஜ் அகஸ்டஸ் எலியட். 1779 முதல் 1783 வரை ஸ்பெயினும் பிரான்சும் ஜிப்ரால்டரை முற்றுகையிட்டபோது அங்கே ஆளுநராக இருந்து கோட்டையைக் காத்தவர். 1787-ல் அவருக்கு ஹீத்ஃபீல்டு பிரபு என்ற பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் பதிப்பாளர் ஜான் பாய்டெலுக்காக ஜோஷுவா ரெனால்ட்ஸ் அவரை வரைந்தார். ரிச்சர்டு எர்லம் அந்த ஓவியத்தைச் செப்புத் தகட்டுக்குக் கொண்டுவர, 1788-ல் அச்சுப்படம் வெளியானது. ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். கோட்டைச் சாவியின் சங்கிலி கையில் சுற்றியிருக்கும் விதம், பின்னால் எழும் புகை, மலை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்த பீரங்கி ஆகியவற்றை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் பிரதியில் எங்கே தேய்ந்திருக்கிறது என்பது எளிதில் பிடிபடும்.

மெஸ்ஸோடின்டில் வேலை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகிறது. ராக்கர் என்ற எஃகுக் கருவியின் வளைந்த விளிம்பில் நுண்பற்கள் இருக்கும். அதைச் செப்புத் தகட்டின் மேல் பல திசைகளில் ஆட்டி ஆட்டி ஓட்டினால் தகடு முழுக்கச் சின்னஞ்சிறு பிசிறுகள் எழும்பி நிற்கும். அந்த நிலையில் மை பூசி அச்செடுத்தால் தாள் முழுக்கக் கருப்பாகத்தான் வரும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் பிசிறைச் சுரண்டி, தேய்த்து மழுக்குவார்கள். எவ்வளவு மழுக்குகிறார்களோ அவ்வளவு வெள்ளை. இதைக் கண்டுபிடித்தவர் லுட்விக் ஃபான் சீகன், 1642-ல். இங்கிலாந்தில் இது வேரூன்றக் காரணமாக இருந்தவர் இளவரசர் ரூபர்ட். முதலாம் சார்லஸ் மன்னரின் குதிரைப்படைத் தளபதி. படைத்தலைவர்களின் முகங்களை ஊரெங்கும் பரப்பிய கலையை ஒரு படைத்தலைவரே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்.

செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு தடவை மை துடைத்து அழுத்தும்போதும் பிசிறு கொஞ்சம் தேயும். சுமார் நூறு, இருநூறு பிரதிகளுக்குள்ளேயே கருப்பு சாம்பல் நிறத்துக்கு இறங்க ஆரம்பித்துவிடும். ஒரே தகட்டிலிருந்து வந்த முதல் பிரதிக்கும் ஐந்நூறாவது பிரதிக்கும் விலையில் பெரிய இடைவெளி இருப்பது இதனால்தான்.

இனி சட்டத்தைத் திறக்கலாம். மேசையில் சுத்தமான போர்வை விரித்துப் படத்தைக் குப்புற வையுங்கள். கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டால் போதும். துணிக் கையுறை தாளின் ஓரத்தில் மாட்டிக் கிழிக்கும், அது வேண்டாம். பின்புறத் தாளை அறுக்கும் முன் அதைப் புகைப்படம் எடுங்கள். சட்டம் போட்ட கடையின் லேபிள் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் தனியாக வெட்டிப் பத்திரப்படுத்துங்கள். கடையின் பெயரும் முகவரியும் காலத்தைக் கணிக்க உதவும். ஆணிகளைக் குறடால் மெல்ல வெளிப்பக்கம் சாய்த்து உருவுங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஈரத்தில் மையும் தாளும் கண்ணாடியைப் பற்றிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். படம் அட்டையில் முழுக்க ஒட்டப்பட்டிருந்தாலும் பிரிக்க முயலாதீர்கள்.

அடுத்து பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். நகைக்கடையில் வைத்திருக்கும் வகையே போதும். சாவியிலும் முகத்திலும் வெளிச்சப் பகுதி இருட்டைச் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். உண்மையான மெஸ்ஸோடின்டில் கோடுகளால் நிழல் கட்டியிருக்காது. ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் பல் தடங்களும், அவற்றின் நடுவே பஞ்சு போன்ற மங்கலும் தெரியும். இருண்ட மூலைகளிலும் படத்தின் விளிம்பிலும் ராக்கரின் தடம் இன்னும் தெளிவாக இருக்கும். எர்லம் சில தகடுகளில் அமிலத்தால் அரித்த கோடுகளையும் கலந்திருக்கிறார். அதனால் அங்கங்கே ஒரு கோடு தெரிந்தால் பதற வேண்டாம்.

லென்ஸில் செய்தித்தாள் படம் போல வரிசை தப்பாத புள்ளிகள் தெரிந்தால் அது 1880-களுக்குப் பிந்திய ஹாஃப்டோன் நகல். அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை. ஏமாற்றுவது ஃபோட்டோகிராவூர்தான். புகைப்படத்தைத் தகட்டில் ஏற்றி அச்சிடும் முறை அது, கரேல் கிளீச் 1879-ல் செம்மைப்படுத்தியது. அதற்கும் செப்புத் தகடுதான், கருப்பும் அழகாகவே இருக்கும். ஆனால் அதன் மணல் போன்ற பொடிப்புள்ளிகள் ஒழுங்கில்லாமல் எங்கும் ஒரே மாதிரி தூவியதுபோல் இருக்கும், பல் தடம் இருக்காது, கருப்பில் அந்த வெல்வெட் ஆழமும் இருக்காது. கீழே உள்ள 1788 என்ற எழுத்தையும் சேர்த்தே புகைப்படம் எடுத்து அச்சடித்திருப்பார்கள். எனவே அந்த ஆண்டை மட்டும் நம்ப முடியாது.

மற்ற முறைகளில் வந்த ராணுவப் படங்களை லென்ஸில் ஒருமுறை பார்த்துவைத்தால் கண் பழகிவிடும். பெஞ்சமின் வெஸ்ட் வரைந்த வுல்ஃப் தளபதியின் மரணத்தை வில்லியம் வூலட் செதுக்கி 1776-ல் வெளியிட்ட படம் பெரும்பாலும் வரிச்செதுக்கு: மெலிந்து தொடங்கித் தடித்து மறுபடி மெலியும் கோடுகள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாக்கிப் பிடித்த காட்சியை ராபர்ட் கெர் போர்ட்டர் வரைய, வென்ட்ராமினி செதுக்கியது ஸ்டிப்பிள் முறை: ஊசிமுனைப் புள்ளிகள் நெருங்கியும் விலகியும் நிழல் கட்டும்.

படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளத்தையும் பாருங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் அது நிழல் விழுந்து தெரியும். உள்ளே தாள் வழுவழுப்பாகவும் வெளியே கொஞ்சம் சொரசொரப்பாகவும் இருந்தால் நல்ல அறிகுறி. நகல்களிலும் வெறும் தகட்டை அழுத்திப் போலிப் பள்ளம் போடுவதுண்டு. மாறாக, ஓரத்தை வெட்டிவிட்ட அசலில் பள்ளமே இருக்காது. ஜேம்ஸ் கிரேஞ்சரின் வரலாற்று நூல் 1769-ல் வந்த பிறகு, தலைவர்களின் படங்களைச் சேர்த்துப் புத்தகத்துக்குள் ஒட்டிவைக்கும் மோகம் இங்கிலாந்தில் பரவியது. எத்தனையோ நல்ல பிரதிகள் கத்தரிக்கோலுக்குப் பலியானது அப்போதுதான். அளவை ஒப்பிடும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதீர்கள். ஈரத்தாளில் அச்சடித்து உலர்த்துவதால் தாள் சுருங்கும்.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது அடுத்த வேலை. நெருக்கமான இணைகோடுகள் தெரிந்தால் லெய்டு தாள், ஒரே சீராகத் தெரிந்தால் வோவ் தாள். இங்கிலாந்தில் வோவ் தாள் 1757 வாக்கிலேயே வந்துவிட்டதால் அது மட்டும் எதையும் முடிவு செய்யாது. நீர்க்குறியில் ஆண்டு இருந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஏற்றுமதித் தாளுக்கு வரியைத் திரும்பப் பெற ஆண்டு பொறிக்க வேண்டும் என்ற விதி 1794-ல் வந்தது. அதன் பிறகுதான் வாட்மன் போன்ற ஆலைகளின் தாளில் ஆண்டு வழக்கமாகக் காணப்படுகிறது. உங்கள் தாளில் 1811 என்று தெரிந்தால், தகடு 1788-ல் செதுக்கியதாகவே இருந்தாலும் அச்செடுத்தது 1811-லோ அதற்குப் பிறகோதான். பாய்டெல் வெளியிட்ட தகடுகள் பல கை மாறிப் பின்னாளில் திரும்ப அச்சாகியிருக்கின்றன.

கீழே உள்ள எழுத்துகளைப் படிக்கும் முறை இது: ஓவியரின் பெயரோடு பின்க்ஸிட், செதுக்கியவர் பெயரோடு ஸ்கல்ப்ஸிட் அல்லது ஃபெகிட், வெளியிட்டவர் பெயரோடு எக்ஸ்கூடிட். வெளியிட்ட தேதியும் உரிமையாளர் பெயரும் தகட்டில் இருக்க வேண்டும் என்று 1735-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது, அதனால்தான் அந்த வரி. எழுத்துப் பொறிக்கும் முன்பே எடுத்த சில பிரதிகள் உண்டு. அவற்றுக்கு மதிப்பு அதிகம். தகட்டில் பின்னால் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய நிலை. எவ்வளவு தூரம் மாற்றுவார்கள் என்பதற்குப் பியர் லோம்பார்ட்டின் குதிரைவீரர் தகடு ஒன்றே போதும். ஒரே உடல், ஒரே குதிரை. தலை மட்டும் ஒரு நிலையில் கிராம்வெல், இன்னொன்றில் அவருடைய எதிரியான முதலாம் சார்லஸ். தலையே இல்லாத நிலையும் உண்டு. மெஸ்ஸோடின்ட் உருவப்படங்களின் நிலைகளை ஜான் சலோனர் ஸ்மித் 19-ஆம் நூற்றாண்டில் பட்டியலிட்டார். வியாபாரிகள் இன்றும் அவர் எண்ணைத்தான் சொல்வார்கள். பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி இரண்டின் இணையப் பட்டியல்களிலும் ஹீத்ஃபீல்டின் பெயரைத் தேடி, எழுத்தின் ஒவ்வொரு புள்ளியையும் காற்புள்ளியையும் உங்கள் பிரதியோடு ஒப்பிடுங்கள்.

பழுப்புப் புள்ளிகளுக்கு வருவோம். பூஞ்சையும் தாளில் உள்ள இரும்புத் துகளும் ஈரப்பதத்தோடு சேர்வதால் வருபவை அவை. ப்ளீச் புள்ளியை வெளுக்கும், கூடவே தாளின் நாரையும் அறுக்கும். அதில் தங்கிவிட்ட குளோரின் நாளடைவில் தாளை மஞ்சளாக்கி, தொட்டால் உதிரும்படி செய்துவிடும். சுற்றியுள்ள பழுப்புக் கோடு, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை மரக்கூழால் செய்த மலிவான வகையாக இருந்து, அதன் அமிலம் சுட்ட தழும்பு. பின்னால் மரப்பலகை இருந்திருந்தால் அதன் இடுக்கும் முடிச்சும்கூடத் தாளில் கறையாக இறங்கியிருக்கும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு: தாளின் பின்புறத்தையும் படத்துக்கு வெளியே உள்ள வெள்ளை ஓரத்தையும் மென்மையான அகலத் தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுவது. படத்தின் மேல் தூரிகை, ரப்பர், ரொட்டித் துண்டு எதுவும் போகக்கூடாது. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். பசை ஊறிப்போய் நிரந்தர மஞ்சளாகிவிடும். இஸ்திரிப் பெட்டியும் ஆகாது, தகட்டுப் பள்ளம் தட்டையாகிவிடும். கழுவியே ஆக வேண்டும் என்றால் காகிதப் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள். பிரிட்டனில் பாதுகாப்பு நிபுணர்களின் சங்கமான ஐகான் நடத்தும் கன்சர்வேஷன் ரெஜிஸ்டர் மூலம் அவர்களைத் தேடலாம். அவர் கேட்கும் கூலி, பிந்திய பிரதியின் விலையை எளிதில் தாண்டும். ஆகவே லென்ஸ் வேலையை முடித்துவிட்டே அங்கே போங்கள்.

வண்ணம் தீட்டினால் விலை கூடாது, விழும். கருப்பு வெள்ளையாக வந்த மெஸ்ஸோடின்டுக்குப் பிற்காலத்தில் பூசிய வண்ணத்தை வாங்குபவர்கள் குறையாகவே எடுத்துக்கொள்வார்கள். கிழிசலின் உள்ளேயும் தேய்ந்த இடத்திலும் வண்ணம் ஏறியிருந்தால் அது பின்னால் பூசியது என்று லென்ஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

விலையைத் தீர்மானிப்பவை கருப்பின் ஆழம், நிலை, பள்ளத்துக்கு வெளியே எஞ்சிய ஓரம், கறை, அந்த மனிதரின் புகழ். தளபதியின் படம் உள்ளங்கை அளவில்தான் இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் ஏதாவது பத்திரிகையிலிருந்தோ நூலிலிருந்தோ பிரித்தெடுத்தது. 1799 முதல் 1818 வரை வந்த நேவல் கிரானிக்கிளில் கடற்படைத் தளபதிகள் பலரின் படங்கள் அப்படி வந்தன. 1820-களுக்குப் பின் எஃகுத் தகடும் வந்துவிட்டதால் ஆயிரக்கணக்கில் அச்சடிக்க முடிந்தது. அவை சுலபமாகக் கிடைக்கும். இந்தியாவில் இப்படிப்பட்ட படம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. லண்டன் ஏலத்துக்கு அனுப்பும் யோசனை இருந்தால் முதலில் தொல்லியல் துறையிடம் கேளுங்கள்.

மறுபடி சட்டம் போடும்போது கடைக்காரரிடம் பருத்தி நாரால் செய்த மவுண்ட் அட்டை கேளுங்கள். முன் அட்டை 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். படம் கண்ணாடியைத் தொடவே கூடாது. தாளின் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் கீல்கள், அவற்றுக்குக் கோதுமை மாவுச்சத்துப் (ஸ்டார்ச்) பசை. நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரப்பதம் மாறும்போது தாள் விரியவும் சுருங்கவும் இடமில்லாமல் அலையலையாக நெளியும். கண்ணாடி புற ஊதாக் கதிரை வடிகட்டும் வகையாக இருக்கட்டும்.

கணப்படுப்புக்கு மேலே வேண்டாம். சூடும் புகையும் தாளை உலர்த்திப் பழுப்பாக்கும். தெருப்பக்கச் சுவரும் ஆகாது. குளிர்காலத்தில் அங்கே ஈரம் படியும், புள்ளிகள் மறுபடி கிளம்பும். வெயில் விழாத உள்சுவரில், 50 லக்ஸ் அளவு மங்கல் வெளிச்சத்தில், 50 சதவீத ஈரப்பதத்தை ஒட்டிய அறையில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். குளிர்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றிப் பின்புறத்தை முகர்ந்து பாருங்கள். புழுங்கல் வாடை அடித்தால் சுவரை மாற்றிவிடுங்கள்.