மூளையில் கோத்த நீர், குடிக்கும் தண்ணீரைக் குறைத்தால் வற்றுமா?

அக்காவின் கைக்குழந்தைக்கு மூளையில் நீர் கோத்திருக்கிறது, தண்ணீரைக் குறைத்துக் கொடுத்தால் வற்றுமா என்று அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வற்றாது. தயவுசெய்து பாலையோ தண்ணீரையோ குறைத்துவிடாதீர்கள்.

அந்த நீர் மூளைக்குள்ளேயே ஊறுவது. மூளையின் நடுவிலுள்ள நான்கு அறைகளில் இரத்தக் குழாய்ப் பின்னல்கள் அதைச் சுரக்கின்றன. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி ஊறும். ஆனால் ஒரு நேரத்தில் இருப்பது 150 மில்லிதான். உங்கள் ஊர்ப்பக்கக் கன்னடியன் கால்வாயைப் போல, வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும் நீர் அது.

பக்க அறைகள் இரண்டிலிருந்து மூன்றாம் அறைக்கும், அங்கிருந்து மிகக் குறுகிய ஒரு வழியாக நான்காம் அறைக்கும் போகிறது. பிறகு வெளியேறி மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து, கடைசியில் பெரும்பகுதி இரத்தத்தில் சேர்கிறது. சுமார் 1400 கிராம் மூளை இந்த நீரில் மிதப்பதால் 50 கிராம் அளவுக்கே அழுத்துகிறது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். ஒவ்வோர் இதயத்துடிப்பும் மூச்சும் அந்த நீரை அசைத்துக்கொடுக்கின்றன.

அந்தக் குறுகிய வழி அடைபட்டால் தொல்லை. மடை அடைத்தாலும் வரத்து நிற்பதில்லை, குளம் பெருகும். குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டாததால் தலை பெருக்கிறது. அறுவை மருத்துவர்கள் புதுவழி திறப்பார்கள், அல்லது மெல்லிய குழாய் வைத்து நீரை வயிற்றறைக்கு இறக்குவார்கள். உச்சிக்குழி புடைத்தாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் சோர்ந்தே கிடந்தாலோ அந்த நேரமே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.