கிளம்பும்போது சொல்லப்படும் நெஞ்சு வலி

நோயாளி எழுந்து கதவருகே போன பிறகுதான் "அப்புறம் டாக்டர், நெஞ்சைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்குது" என்கிறார், அதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பணியில் சேர்ந்த புதிதில் பலருக்கும் இதே தலைவலிதான். கோளாறு பெரும்பாலும் முதல் நிமிடத்தில் இருக்கிறது. 1984-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார்.

முதல் புகாரைக் கேட்டதுமே "எத்தனை நாளாக?" என்று பாயாதீர்கள். கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவராக நிறுத்தும்வரை பேச விடுங்கள். பெரும்பாலோர் ஓரிரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். பிறகு, "சரி, முட்டி வலி, தூக்கமின்மை. இன்றைக்கு இன்னும் என்னென்ன பேசணும்?" என்று கேளுங்கள். "வேறொன்றும் இல்லையே?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். முழுப் பட்டியலும் கையில் வந்தபின் எதை முதலில் பார்ப்பது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்பதையும் கேட்டுவிடுங்கள், பலர் வந்ததே அதற்காகத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் கதவருகே நெஞ்சு இறுக்கம் என்றால், வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் திரும்ப உட்கார வையுங்கள். இசிஜி பார்க்காமல் அனுப்பாதீர்கள்.