வங்கி உத்தியோகத்தில் இருக்கும் மகள் நாவல் எழுத விரும்பினால்

மதிப்புக்குரிய ஐயா,

வங்கியொன்றில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றும் தங்கள் மகள் நாவல் எழுதுவதற்காக உத்தியோகத்தை விடப்போவதாகச் சொல்வதையும், அதனால் வீட்டில் ஏற்பட்டுள்ள மனத்தாங்கலையும் விளக்கி எழுதியிருந்தீர்கள். இப்போது விட வேண்டாம் என்பதே என் ஆலோசனையும். ஆனால் என் காரணம் வேறு. யாழ்ப்பாணத்தில் நாவல் எழுதுபவர், பெரும்பாலும் தாமே அச்சுச் செலவைக் கொடுத்துச் சில நூறு பிரதிகள் அடிப்பித்து, வெளியீட்டு விழாவில் சிறப்புப் பிரதி பெறுவோர் உறையில் வைத்துத் தரும் பணத்தால் அச்செலவை ஈடுசெய்பவராகவே இருக்கிறார். மாதச் சம்பளம் இருக்கும்வரை யாருடைய விருப்பத்துக்காகவும் கதையை வளைக்கவேண்டிய தேவை அவருக்கு வராது.

செங்கை ஆழியான் என்ற பெயரில் எழுதிய க. குணராசா இலங்கை நிர்வாக சேவையில் பதவிகளை வகித்தபடியே நாவல்களை எழுதினார். 1966இல் 'மல்லிகை' என்ற இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவாவோ சவரக்கடையில் உழைத்தவர். (அவர் சிறுகதைக்காரர்தான், என்றாலும் ஓய்வு கிடைத்த பின் எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.)

மகளின் உண்மையான சிக்கல் நேரமன்று, களைப்பு என்றே நினைக்கிறேன். நாள் முழுவதும் கணக்குப் பார்த்துவிட்டு வருபவரால் இரவு ஒன்பது மணிக்கு ஒரு பாத்திரத்தின் மனத்துக்குள் நுழைவது கடினம். ஆகவே வேலைக்குப் புறப்படுமுன் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு 250 சொற்கள் எழுதினால், 40,000 சொற்கள் கொண்ட முதற்படி 32 கிழமைகளில் முடியும். மாதக் கடைசியிலும் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாட்களிலும் எழுத்து நின்றுவிடும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு, ஓராண்டு எனக் கணக்கிடுவதே நியாயம். பதவி உயர்வுப் பரீட்சை வந்தால் மூன்று மாதம் கையெழுத்துப் பிரதியை மூடிவைக்கலாம். அதனால் நாவல் கெட்டுப்போகாது. பேருந்துப் பயணத்தில் வாசிப்பதற்கு, ஈழத்து நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் 'நூலகம்' என்ற இணையத்தளம் உதவும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வாடிக்கையாளரின் கணக்கு, அடகு, கடன் பற்றி வங்கியில் அறிந்தவற்றை, பெயரை மட்டும் மாற்றிக் கதையாக்குவது இரகசியம் பேணும் கடமையை மீறுவதாகும். நம்மூர் போன்ற சிறிய இடத்தில் ஆளை அடையாளம் காண ஒழுங்கையின் பெயரே போதும். வரிசையில் நிற்பவரின் பேச்சு, தயக்கம், கோபம் ஆகியவற்றை மகள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இனித் தங்களுக்கு. அந்தக் காலை நேரத்தில் தேநீர் வைப்பதையும், தம்பியின் சாப்பாட்டைக் கட்டுவதையும் வேறொருவர், தேவையெனில் தாங்களே, பொறுப்பேற்க வேண்டும். பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் அவர் சும்மா இருப்பதாக எண்ணும் பழக்கம், வங்கி வேலையைவிட அதிகமான நேரத்தைத் தின்றுவிடுகிறது. முதற்படி முடியும்வரை, "எங்கே, எழுதினதைக் காட்டு பிள்ளை" என்று தயவுசெய்து கேட்க வேண்டாம்.